உத்தரவுக்குக் காத்திருந்த வட்டை

கல்லடி
1937 மார்கழி (டிசம்பர்) 2

அன்பின் அண்ணனுக்கு,

இங்கே நானும் உங்கள் மச்சான் உபதேசியாரும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று நேற்றுக் காலை வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று உங்கள் ஊர்த் தோணியில் தயிர் கொண்டுவந்தவள் வாசலில் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "உங்கட அண்ணன்ட வீட்டுல வெள்ளிக்கிழமைக்குச் சரியான சனம் கா" என்றாள். பழுகாமம் முழுக்கச் செபத்துக்கு வரத் தொடங்கிவிட்டதாக்கும் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. "ஓம் கா, செபந்தான். தேங்காய் உடைச்சு, சூடம் கொளுத்தி, விதானையார்ட்ட வாக்குக் கேக்காங்க" என்றாள் அடுத்த மூச்சில். அண்ணன், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாக்கா? உங்களிடமா? கோயிலில் தெய்வம் ஆடுகிறவரிடம் கேட்பதுபோலவா?

சின்ன வயதில் பேய்க்குப் பயந்து என் பாயில் வந்து ஒண்டிப் படுத்த ஆள் நீங்கள். உங்களுக்கு முன்னால் சூடம் எரிகிறது என்றால் நான் சிரிக்கிறதா, அழுகிறதா?

போன மாரியில் வெள்ளம் ஏறினபோது நீங்கள் செபக்கூடத்தில் முழங்காலில் நின்றீர்கள். போ என்று உள்ளுக்குள் உத்தரவு வந்தது என்று எழும்பி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு தோணியில் வந்து, ஆற்றுவாயை அடைத்துக் கிடந்த மணல்மேட்டை வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விட்டீர்கள். உங்கள் வட்டையில் ஒரு வயல்கூட அழியாமல் நெல் முழுவதும் தப்பியது. அது கர்த்தருடைய காரியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இவரும் அதைக் கல்லடியிலும் பட்டணத்திலும் பிரசங்கத்தில் சொன்னார். தாவீது ராசா யுத்தத்துக்குப் போகுமுன் போகட்டுமா என்று கர்த்தரைக் கேட்பான், போ என்றால்தான் கால் எடுத்து வைப்பான், அப்படி ஒரு விதானை நம்மிடம் இருக்கிறார் என்றார். அதைக் கேட்டுத்தானே உங்கள் ஊரில் பாதி வீடு ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. அறுப்பின் ஸ்தோத்திரத்துக்குப் பட்டணத்துப் பெரிய போதகர் வரப்போகிறார். அவர் வந்து உங்கள் வாசற்படலையில் தேங்காய்ச் சிரட்டையைக் கண்டால் இவருடைய முகம் எங்கே போகும்?

தாவீது கேட்டான், சரி. தாவீதுக்கு ஒருத்தரும் தேங்காய் உடைக்கவில்லை. உடனே நிறுத்துங்கள்.

உங்கள் தங்கச்சி
எஸ்தர் அன்னப்பூரணி


பழுகாமம்
1937 மார்கழி 8

அன்பின் தங்கச்சி அன்னத்துக்கு,

உன் கடிதத்தை உன் மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். நீ பிறந்தபோது நாக்கில் சேனைக்குப் பதிலாக மிளகாயைத் தடவினார்களா என்று கேட்கிறாள்.

சூடம் கொளுத்தினது உண்மை. நான் அதைக் காலால் தட்டி அணைத்ததும் உண்மை. அடுத்த வெள்ளி படலைக்கு வெளியே வைத்துக் கொளுத்தினார்கள். "உங்கட ஆண்டவருக்குப் பிடிக்காட்டி நாங்க தூரத்தில வைக்கம் விதானையார்" என்கிறார்கள். என்ன செய்யச் சொல்கிறாய்? அவர்களுக்குத் தெரிந்த மரியாதை அது. மாடு காணாமல் போனால் வருகிறார்கள், பெண்ணுக்குச் சம்பந்தம் வந்தால் வருகிறார்கள். செபம் பண்ணுவோம் என்று கண்ணை மூடுகிறேன். திறந்தால் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு, "என்ன சொன்னவர்?" என்று நிற்கிறார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை நான் எதைக் கொண்டு மூட?

கோபப்படாமல் கேள். இதைத் தொடக்கினது நான் இல்லை. போன மாரியில் நடந்ததை உன் வீட்டில் சோறு தின்றபோது மச்சானுக்கு மட்டும்தான் சொன்னேன். அவர்தான் என்னைத் தாவீதாக்கி ஊர்வலம் விட்டார். எனக்குத் தாவீதின் கவணும் தெரியாது, கின்னரமும் தெரியாது. வாய்க்காலும் வேலியும் பார்க்கிற வட்டை விதானை நான்.

சூடம் கொளுத்த வராத ஆளும் உண்டு. பள்ளக்காணிக் கண்ணகை. புருசன் செத்தபிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக விதைக்கிறவள். "கேக்கிறதுக்கு எனக்கு ஒண்டுமில்ல. நீங்க உங்கட வேலையைப் பாத்தாப் போதும்" என்றாள் என் முகத்துக்கு நேரே. வாய்க்கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே மழை பிடித்துவிட்டது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். வாவித் தண்ணீர் ஏறி மருதமரத்தடிக் கல்லை முட்டினால் ஆற்றுவாயை வெட்ட வேண்டும். எங்களது எல்லாவற்றிலும் பள்ளமான வட்டை என்பதால் முதல் மண்வெட்டி எங்கள் விதானைக்குரியது. மற்ற வட்டைக்காரர் அதற்குப் பிறகுதான் தொடுவார்கள். விதைப்புக் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் விதானை அதற்குச் சத்தியம் பண்ண வேண்டும். மற்ற விதானைமார் அம்மன் பேரால் பண்ணுவார்கள். நான் வேதத்தின்மேல் கைவைத்துப் பண்ணினேன்.

ஆனால் இந்த முறை காரியம் சிக்கல். உங்கள் கல்லடி வலைக்காரர் வல்லிபுரத்தைத் தலைவனாக வைத்துக்கொண்டு வந்து என் முற்றத்தில் நின்றார்கள். இறால் படுகிற காலமாம். வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடுமாம், போன வருடம் பிள்ளைகள் பட்டினியாம். வல்லிபுரம் அழுதான். ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் வலை. ஆகையால் நான் கர்த்தரிடம் கேட்டுத்தான் செய்வேன் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அது சரிதானே?

அண்ணன்
தானியேல் கந்தப்போடி


கல்லடி
1937 மார்கழி 17

அன்பின் அண்ணனுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு வருகிற தோணிக்காரன் வாசலில் நிற்கிறான்.

இங்கே வாவி பாலத்தின் தூண்களில் பாதியைத் தின்றுவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து கையால் மொள்ளலாம். மணல்மேட்டில் மற்ற வட்டை ஆட்கள் மண்வெட்டியோடு குந்திக்கொண்டு பழுகாமத்து விதானை எங்கே, பழுகாமத்து விதானை எங்கே என்கிறார்கள். ஒருத்தரும் மண்ணைத் தொடுகிறார்கள் இல்லை. நேற்று இவரும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நீங்கள் இன்னும் கேட்டுக்கொண்டா இருக்கிறீர்கள்? கேளுங்கள், அண்ணன். நான் குறை சொல்லவில்லை. இவர் உங்களுக்கு எழுதச் சொன்னது இதுதான். சவுல் ராசாவுக்கு, தீர்க்கதரிசி சாமுவேல் வரும்வரைக்கும் காத்திரு என்று கட்டளை இருந்தது. சனம் சிதறுகிறது, பகைவர் நெருங்குகிறார்கள் என்று பயந்து அவன் பொறுக்காமல் பலியைத் தானே போட்டான். அந்த ஒரு அவசரத்தால் ராச்சியமே போனது. ஆகையால் உத்தரவு வராமல் ஒரு அடியும் எடுத்து வைக்க வேண்டாம், எவ்வளவு நெருக்கினாலும் காத்திருங்கள் என்கிறார் இவர். பெரிய போதகருக்கும் எழுதிவிட்டாராம், எங்கள் விதானை முழங்காலில் நிற்கிறார் என்று.

எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனாலும் நாழிகைக்கு ஒருதரம் படலைக்குப் போய்த் தண்ணீரைப் பார்க்கிறேன்.

அன்னம்


பழுகாமம்
1937 மார்கழி 20

அன்னம்,

ஒரு உத்தரவும் வரவில்லை.

போன வருடம் முழங்கால் தரையில் படுமுன்னமே உள்ளே ஒரு சத்தம் கேட்டதுபோல் இருந்தது. இந்த முறை நாள் கணக்காகச் செபக்கூடத்துக்குள் கிடக்கிறேன். கூரையில் விழுகிற மழையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வேதத்தைத் திறந்து பார்த்தேன். வம்ச வரலாறு வந்தது. இன்னாரின் குமாரன் இன்னார். அதைக்கொண்டு நான் என்ன செய்ய? சாப்பாட்டை விட்டேன். உன் மச்சாள் அழுதுகொண்டு கஞ்சி கொண்டுவந்தாள், திருப்பி அனுப்பினேன்.

மருதமரத்தடிக் கல் தெரியவில்லை. எப்போது மூடியது என்று கேட்காதே. வட்டை முழுக்க என் முற்றத்தில் நிற்கிறது. "விதானையார், இன்னும் வாக்கு வரல்லையா?" என்று மட்டும் கேட்கிறார்கள். கோபிக்கிறார்களும் இல்லை. கோபித்தாலாவது நான் எழும்பிப் போய்விடுவேன். அவர்களும் என்னோடு சேர்ந்து காத்திருக்கிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது.

என்னிடம் என்ன பிழை கண்டார்? சூடமா? நான்தான் அதைத் தட்டி அணைத்தேனே. மச்சான் சொன்னபடி காத்துக்கொண்டே இருக்கிறேன். கடவுள் வாயைத் திறக்கவில்லை என்பதை நம்ப முடியாமல் இருக்கிறது, அன்னம்.

அண்ணன்


கல்லடி
1937 மார்கழி 29

அண்ணனுக்கு,

ஆற்றுவாய் வெட்டுப்பட்டு வாவி இரைந்துகொண்டு கடலுக்குப் போனதைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இங்கிருந்து எல்லாரும் பார்த்தோம். இவர் மணல்மேட்டிலேயே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் பண்ணினார். பண்டிகை ஆராதனையில் உங்கள் பெயரைச் சொல்லிச் சாட்சி கூறினார். காத்திருந்த சவுலைப்போல என்று சொல்லத் தொடங்கி, நாக்குத் தடுமாறி, தாவீதைப்போல என்று திருத்திக்கொண்டார். நான் புதுச்சேலையோடு முன்வரிசை வாங்கில் பெருமையாக இருந்தேன். இருந்தேன், அண்ணன். இப்போது அதை நினைக்கக் கூசுகிறது.

ஆரையம்பதியில் இருந்து மீன் கொண்டுவருகிறவள் நேற்றுச் சொன்னாள். வெட்டின அன்று பகல், தலையில் துவாயைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு நீங்கள் ஆச்சிப்பிள்ளையின் குடிலுக்குள் போனீர்களாம். அஞ்சனம் பார்க்கிற ஆச்சிப்பிள்ளை. வெற்றிலையில் மை பூசி, களவு போன நகையும் காணாமல் போன ஆளும் எங்கே என்று பார்த்துச் சொல்கிற அந்தப் பெண். நீங்கள்தானே விதானையாகி முதல் வருடம் அவளைப் பேய்த்தொழில்காரி என்று சொல்லிப் பழுகாமத்தை விட்டுத் துரத்தினீர்கள்! அவளுடைய சட்டி பானையைத் தோணியில் ஏற்றினதைப் பற்றி எனக்கு ஒரு கடிதம் முழுக்கப் பெருமையாக எழுதினீர்களே.

மீன்காரிக்கு ஏசிவிட்டேன். "என்ட அண்ணன் அப்படிப்பட்டவரில்ல, உன்ட வாயில புழுப் பூக்கும்" என்றேன். அவள் மீனை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஏசிவிட்டு உள்ளே வந்து வேதத்தைத் திறந்தேன்.

சவுல் ராசா செய்தது எனக்கு ஞாபகம் வந்தது. அஞ்சனக்காரரை எல்லாம் நாட்டை விட்டுத் துரத்தினவன் அவன். கர்த்தர் மறுமொழி சொல்லாமல் விட்டபோது வேஷம் மாறி எந்தோருக்குப் போய் ஒரு அஞ்சனக்காரியின் காலடியில் இருந்தவனும் அவன்தான். பொய் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.

அன்னம்


பழுகாமம்
1938 தை 6

அன்னம்,

மீன்காரிக்கு ஏசினது பிழை. கண்டால் மன்னிப்புக் கேள். அவள் சொன்னது உண்மை.

உனக்கு மறைக்கமாட்டேன். அன்று காலை தோணியில் மணல்மேட்டுக்குத்தான் வெளிக்கிட்டேன். உத்தரவு இல்லாமல் போகிறேனே என்று நடு வாவியில் துடுப்பு ஓடவில்லை. ஆரையம்பதிக் கரையில் ஒதுக்கினேன். விதானைக் கோட்டைக் கழற்றித் தோணிக்குள் வைத்தேன், துவாயைத் தலையில் போட்டேன். பட்டப்பகல், ஆனால் மழை இருட்டு. நான் எங்கே போகிறேன் என்று என் காலுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை என்றால் நீ நம்பமாட்டாய். வேண்டாம், நம்பாதே. எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

அவள் என்னைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "இஞ்ச இருந்தும் என்னக் கலைக்க வந்தயா? நான் இப்ப அஞ்சனம் பாக்கிறல்ல. தென்னங்கிடுகு பின்னித்தான் திங்கன்" என்றாள். நான் நிலத்தில் இருந்துவிட்டேன். கலைக்க வரவில்லை, கேட்க வந்தேன் என்றேன். அவளுக்கு அது ஏறவில்லை. சத்தியம் பண்ணு, நான் மை பார்த்ததை ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று பண்ணு என்றாள். பண்ணினேன். யார் பேரால் என்று கேட்காதே.

மை பூசினாள், விளக்கை வைத்தாள், பார்த்தாள். அவளுடைய முகம் மாறிப்போனது. "ஒண்டும் தெரியுதில்ல. தண்ணி கூடத் தெரியுதில்ல. உனக்குச் சொல்ல என்னட்ட ஒண்டுமில்ல" என்று வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டாள். அவளுக்கே பயம் பிடித்துவிட்டது, அன்னம். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. நான் எழும்பப் பார்த்தேன், முழங்கால் மடங்கி விழுந்தேன். எத்தனை நாள் சாப்பிடவில்லை என்று கேட்டாள். சோறும் சுட்ட கருவாடும் வைத்தாள். நான் துரத்தின பெண் பிசைந்து தந்த சோற்றைக் குழந்தை மாதிரித் தின்றேன். தின்றபோது அழுதேன்.

வெளியே வந்தேன். கரையில் எங்கள் வட்டை ஆட்கள் மூன்று தோணியில் நிற்கிறார்கள். பின்னாலேயே வந்திருக்கிறார்கள். நான் அவளிடம் போனதைக் கண்டதும், சரி, உத்தரவு வாங்கிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "வெட்டத்தானே விதானையார்?" என்று ஒருவன் கேட்டான். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மணல்மேட்டுக்குப் போனோம். மண்வெட்டியை என் கையில் திணித்தார்கள். வெட்டினேன்.

அவ்வளவுதான் நடந்தது. எனக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, வானத்திலும் இல்லை, வெற்றிலையிலும் இல்லை. இந்த நிலையில் மச்சான் என்னைக் கோயில் கோயிலாகத் தாவீது என்கிறார். அறுப்பின் ஸ்தோத்திரத்தன்று பெரிய போதகருக்கு முன்னால் எழும்பி நடந்ததைச் சொல்லப்போகிறேன். மச்சானிடம் நீயே முதலில் சொல்லிவிடு. அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணன்


கல்லடி
1938 தை 19

அன்பின் அண்ணனுக்கு,

இவருக்குச் சொன்னேன். சொன்ன நேரத்தில் இருந்து ஆள் ஆளாக இல்லை. சோற்றில் கை வைக்கிறார், எடுக்கிறார். "நான் பெரிய போதகருக்கு என்ன எண்டு எழுத அன்னம், என்ன எண்டு எழுத?" என்று வீட்டைச் சுற்றி வருகிறார்.

நான் எழுதப்போவது எனக்கே அதிர்ச்சியாக இருக்கிறது. சொல்ல வேண்டாம், அண்ணன்.

போன கடிதத்தில் பொய் என்று ஒரு வரி எழுதச் சொன்ன நானே இதையும் கேட்கிறேன். பாதி ஊர் பெயர் கொடுத்து நிற்கிறது. அவர்களுக்கு நீங்கள்தான் சாட்சி. நீங்கள் எழும்பி, நான் அஞ்சனக்காரியிடம் போனேன் என்றால், அவர்கள் யாரை நம்பி ஆற்றில் இறங்குவார்கள்? இவர் வெயிலிலும் மழையிலும் நடந்து கட்டினது ஒரு வாய்ச்சொல்லில் சரிய வேண்டுமா? கேட்டால் பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. சும்மா இருங்கள் என்கிறேன். கர்த்தரே சும்மா இருந்தாரே, நீங்களும் இருந்தால் என்ன?

இந்த வரியை வெட்டிவிட நினைத்தேன். வெட்டவில்லை. என் மனம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நீங்களும் பாருங்கள்.

எனக்கு உங்களிலும் கோபம், இவரிலும் கோபம். ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சமைத்துப் போடுகிறவள் நான்தான். தயவுசெய்து சும்மா இருங்கள்.

அன்னம்


பழுகாமம்
1938 பங்குனி 14

அன்பின் தங்கச்சிக்கு,

மச்சான் நேற்று வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் என்று தெரியாது. ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். தோணியில் ஏறும்போதும் என்னோடு பேசவில்லை. ஆகையால் நான் எழுதுகிறேன்.

செபக்கூடம் கொள்ளாத சனம். புதுக்கதிர் கட்டிப் பீடத்தில் சாத்தியிருந்தோம். பெரிய போதகர் ஆசீர்வாதம் சொல்லி, "விதானையார் சாட்சி சொல்வார்" என்றார். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. சும்மா இருக்கத்தான் நினைத்து வந்தேன், சத்தியமாக. எழும்பி நின்றேன். முதல் வரிசையில் சிரித்த முகங்களைப் பார்த்தேன். ஆச்சிப்பிள்ளையிடம் போனேன் என்று வாயில் இருந்து விழுந்துவிட்டது. அவளுக்குக் கொடுத்த சத்தியமும் அதோடு போனது. மிச்சத்தையும் சொன்னேன். ஒருத்தரும் எனக்கு உத்தரவு தரவில்லை என்றேன்.

இடி விழும் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் விழுந்தது.

"அது எங்களுக்குத் தெரியுந்தானே விதானையார், நாங்கதானே பின்னால வந்த" என்றான் ஒருவன். "ஏசு சாமியிட்டக் கேட்ட, அவர் பேசல்ல. அங்கால போய்க் கேட்ட. அதில என்ன பிழை?" என்றான் இன்னொருவன். ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தவன்தான் அவன். எல்லாரும் தலையாட்டினார்கள். மச்சான் பீடத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பெயர் கொடுத்தவர்கள் ஒருத்தரும் பெயரை எடுக்கவில்லை, அன்னம். நீ பயந்தது நடக்கவில்லை. நடந்தது அதைவிட மோசம். போன வருடமும் நான் சொன்னதை இவர்கள் இப்படி, கர்த்தரும் அஞ்சனமும் ஒன்று என்றுதான் கேட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வாசலில் கண்ணகை நின்றாள். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு அடங்கும்வரைக்கும் பொறுத்திருந்து கேட்டாள். "விதானையார், கல்லில தண்ணி முட்டினா வெட்டுவன் எண்டு கூட்டத்தில சத்தியம் பண்ணின நீங்கதானே?"

ஓம் என்றேன்.

"உங்கட வேதப் புத்தகத்தில கை வைச்சித்தானே பண்ணின?"

ஓம் என்றேன்.

"தண்ணி முட்டினதுதானே?"

முட்டினது என்றேன்.

"அப்ப மறுகா என்னத்தப் போய்க் கேட்ட நீங்க?"

அவளுடைய பள்ளக்காணிதான் முழுக்க அழுகினது. மற்றவர்களுக்கு ஓரங்களில்தான் சேதம். தண்ணீர் கல்லை முட்டின அன்றே வெட்டியிருந்தால் அவளுடைய நெல்லும் எழும்பியிருக்கும். மேட்டுக்காணிக்காரர் காத்திருக்கலாம். அவள் காத்திருக்க முடியாது. முற்றத்தில் நின்ற கூட்டத்தில் அவள் நின்றாளா என்று நான் பார்க்கவே இல்லை. நின்றாளாம். பின்னால், மழையில், பிள்ளைகளோடு.

கடவுள் ஏன் பேசவில்லை என்று உனக்கு எழுதினேனே. எனக்குச் சொல்ல வேண்டியதை என் கையையே வேதத்தின்மேல் வைத்துச் சொல்லவைத்துவிட்டார். அதைச் செய்யாமல், செய்யட்டுமா செய்யட்டுமா என்று முழங்காலில் கிடந்திருக்கிறேன். வல்லிபுரத்தின் கண்ணீருக்கும் பயம், ஊர்ப்பேச்சுக்கும் பயம். அதற்குச் செபம் என்று பெயர் வைத்தேன்.

என் பங்கு நெல்லை அவளுக்கு ஏற்றி அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டாள். விதானை வேலையை விட்டுவிட்டேன் என்று அரசாங்கக் கச்சேரிக்கு எழுதியாயிற்று.

அண்ணன்


கல்லடி
1938 பங்குனி 21

அன்பின் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்துக்கு என்ன மறுமொழி எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன். இன்று எழுத வேண்டியதாகிவிட்டது. கண்ணகை இங்கே வந்தாள்.

காலையில் படலையில் நின்றாள். தலையில் ஒரு பொட்டணி, இரண்டு பெண்களின் கையிலும் ஆளுக்கொரு பானை. ஏறாவூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் வேலைக்குப் போகிறாளாம். பள்ளக்காணியை ஈடு வைத்துவிட்டாளாம். வழியில் தண்ணீர் குடிக்க வந்திருக்கிறாளாக்கும் என்று செம்பை நீட்டினேன். வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, "உபதேசியாரப் பாக்கோணும்" என்றாள்.

அவள் நாலு வார்த்தை கேட்கத்தான் வந்திருக்கிறாள், கேட்கட்டும், அது நியாயம் என்று நினைத்தேன். காத்திரு என்று உங்களுக்கு எழுதின கை என்னுடைய கைதானே, அண்ணன். சொன்ன வாய் இவருடையது. அவளுடைய வயல் தண்ணீருக்குள் கிடந்த அந்த நாட்களில் நாங்கள் இங்கே ஈரம் படாத வீட்டுக்குள் இருந்துகொண்டு பொறுமையைப் பற்றி எழுதினோம்.

இவர் வெளியே வந்தார். அவள் ஏசவில்லை. "விதானையாருக்கு நீங்க ஒரு ராசாட கதை சொல்லிக்குடுத்ததாமே. எனக்கும் ஒருக்காச் சொல்லுங்க. எங்கட வயல அழிச்ச கதை என்ன எண்டு தெரிஞ்சிக்கிட்டுப் போறன்" என்றாள்.

இவருக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் வாசற்கல்லில் குந்தியிருந்து சொன்னார். பிரசங்கம் பண்ணுகிற குரலில் இல்லை, மெதுவாக. சவுல் கழுதை தேடப் போனவன் ராசாவாக வந்ததையும், காத்திருக்கச் சொன்ன இடத்தில் காத்திராததையும், சொன்னதைச் செய்யாமல் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவைத்துவிட்டுப் பலிக்குத்தான் என்று சாட்டுச் சொன்னதையும், கர்த்தர் பேசாமல் விட்டதையும், எந்தோருக்குப் போனதையும், அவள் சமைத்துக் கொடுத்ததைத் தின்றதையும், அடுத்த நாள் மலையில் பிள்ளைகளும் செத்துத் தானும் தன் வாளில் விழுந்ததையும் சொல்லி முடித்தார். அவள் கண் எடுக்காமல் கேட்டாள். சின்னப் பெண் மடியில் நித்திரையாகிவிட்டது.

"சரி, ராசா செத்தான்" என்றாள். "அவன்ட சனத்துக்கு என்ன நடந்த?"

இவர் அவளைப் பார்த்தார். எத்தனை வருடம் இந்தக் கதையைப் பிரசங்கம் பண்ணியிருக்கிறார், அண்ணன். நானும் எத்தனை தரம் முன்வாங்கில் இருந்து கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் வந்ததில்லை. உள்ளே போய் வேதத்தை எடுத்துவந்து விரலை வைத்துத் தேடினார். இருந்தது. ராசா விழுந்ததைக் கண்டதும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருந்த சனங்கள் தங்கள் ஊர்களை விட்டுவிட்டு ஓடிப்போனார்கள் என்றும், வேறு ஆட்கள் வந்து அந்த ஊர்களில் குடியிருந்தார்கள் என்றும் சொன்னார்.

"ஓடின சனம் மறுகா திரும்பி வந்ததாமா?" என்று கேட்டாள்.

இவர் பக்கத்தைப் புரட்டினார். அடுத்ததையும் புரட்டினார். அவள் பிள்ளையை எழுப்பி, பொட்டணியைத் தலையில் வைத்து, "நாங்க வாறம் கா. வெயில் ஏறுது" என்று எனக்குச் சொல்லிவிட்டு இறங்கினாள். மூன்று பேரும் பாலத்தில் ஏறிப் பட்டணத்துப் பக்கம் நடந்துபோகிறதைப் படலையில் நின்று பார்த்தேன். கூப்பிட வேண்டும் போல் இருந்தது.

இப்போது விளக்கு வைக்கிற நேரம். இவர் இன்னும் அந்த வாசற்கல்லிலேயே இருந்து புரட்டிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் தங்கச்சி
அன்னம்